எழுத்தில் வராத மறுப்பு: பராமரிப்பாளர் உதவித்தொகையும் அத்திபெலேயின் எல்லைக் குடும்பங்களும்

1. கேள்வி

ஓசூர் சாலையில் பெங்களூரு நகர மாவட்டம் முடியும் இடம் அத்திபெலே. ஆனேக்கல் தாலுக்காவின் ஹோப்ளி என்னும் வருவாய்ப் பிரிவுகளில் ஒன்று. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கிருஷ்ணகிரி மாவட்டம் தொடங்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் வேலையும் அத்திபெலேயில் வாடகை வீடுமாக வாழ்கிறவர்கள் இங்கே உண்டு. வீடு ஓசூரில், வேலை பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ என்று வாழ்கிறவர்களும் உண்டு. வாடகை ஏறும்போது குடும்பங்கள் எல்லையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கடக்கின்றன. அவர்களோடு படுக்கையில் இருக்கும் பிள்ளையும், கை நடுங்கும் தாத்தாவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் கடக்கிறார்கள். ரேஷன் அட்டையும் ஊனச் சான்றிதழும் மட்டும் பழைய முகவரியிலேயே தங்கிவிடுகின்றன.

2024 பிப்ரவரி 16 அன்று முதலமைச்சர் சித்தராமையா தாக்கல் செய்த 2024-25ஆம் ஆண்டுக்கான கர்நாடக நிதிநிலை அறிக்கையில் ஒரு புதிய அறிவிப்பு இருந்தது. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் ஆகிய நான்கு பாதிப்புகளில் ஒன்று உள்ளவரைப் பராமரிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய். பணம் சிறிது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பை அரசு ஒரு வேலையாகக் கண்டு அதற்கெனத் தனித் தொகை வைத்தது சிறிய செய்தி அல்ல.

இப்படிப்பட்ட உதவித்தொகை ஒருவருக்கு மறுக்கப்பட்டால் அவர் எதை எதிர்த்து, யாரிடம், எந்தச் சட்டத்தைக் காட்டி முறையிடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மேல்முறையீட்டுக்கு வழி இல்லை என்பது பொதுவான எண்ணம். சட்டங்களை அடுக்கிப் பார்த்தால் வழிகள் இருக்கின்றன, சில நல்ல வழிகளும்கூட. அந்த வழிகளுக்குள் நுழையத் தேவையான ஒன்றுதான் கிடைப்பதில்லை: காரணம் எழுதி, தேதி போட்டு, அதிகாரி கையொப்பமிட்ட மறுப்பு. 'ஆகாது', 'சிஸ்டம் எடுக்கவில்லை', 'அடுத்த மாதம் பாருங்கள்' என்று வாய்மொழியாக முடிந்துபோகும் மறுப்பை எந்த மேல்முறையீட்டு அதிகாரியாலும் ரத்துசெய்ய முடியாது. ஆகவே முதலில் போராடிப் பெற வேண்டியது அந்த எழுத்தை.

2. சட்டம் எதை அளக்கச் சொல்கிறது

பராமரிப்பாளர் உதவித்தொகை ஏதோ ஓர் அரசின் கருணையில் திடீரென்று முளைத்தது அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு வேர் இருக்கிறது. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு பராமரிப்பாளருக்கு வரையறை தருகிறது: பெற்றோர், குடும்பத்தினர் உட்பட, கூலி பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பும் துணையும் உதவியும் அளிக்கும் எவரும் அதில் அடங்குவர். 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைப் பேசுகிறது. அப்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அடுக்கும் இனங்களில், உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பாளர் படியும் ஒன்று. 38ஆம் பிரிவு அந்த 'உயர் ஆதரவு' எப்படித் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுற்றவர் தனக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதினால் அவரே விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். அரசு அறிவித்த அதிகாரி அதை மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் தேவையையும் அதன் தன்மையையும் சான்றளிக்க வேண்டும். அதன் அடிப்படையில், நடப்பிலுள்ள திட்டங்களுக்கு உட்பட்டு, ஆதரவு தர அதிகாரி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது அளவுகோல். எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதைச் சட்டம் கேட்கிறது. அன்றாடக் காரியங்கள், சொந்த முடிவுகளை எடுத்தல், கல்வி, வேலை, சிகிச்சை, குடும்ப வாழ்வு எனப் பல தளங்களில் தேவைப்படும் தீவிரமான ஆதரவையே அது உயர் ஆதரவு என்று வரையறுக்கிறது. கர்நாடக அறிவிப்போ நோயின் பெயரைக் கேட்கிறது.

இந்த வேறுபாட்டின் விளைவைப் பொம்மசந்திரா, ஜிகணி போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டிய பகுதியில் எளிதாக ஊகிக்கலாம். உயரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் முறிந்த ஒரு தொழிலாளிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவரைப் புரட்டிப் போட, குளிப்பாட்ட, சிறுநீர்க் குழாய் மாற்ற, புண் வராமல் காக்க ஒருவர் முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். அவருடைய பாதிப்பின் பெயர் அந்த நான்கில் இல்லை. கடுமையான அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் சேர்ந்த பிள்ளையின் தாய்க்கும் இதே நிலை. முதுமையில் மறதி நோய் கண்டவருக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி பின்னாலேயே தொடங்குகிறது, ஏனெனில் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளிலேயே அந்நோயின் பெயர் இல்லை.

அரசுத் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கர்நாடகத்தின் ஊன ஓய்வூதியத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை உண்டு. ஆகவே புதிய தொகை, இதுவரை விடுபட்டவர்களுக்காக. இதைப் புறந்தள்ள முடியாது. எங்காவது ஓரிடத்தில் தொடங்கத்தான் வேண்டும் என்பதும் சரி. ஆனால் தண்டுவடம் முறிந்தவருக்கு இந்த விடை பொருந்தாது. ஓய்வூதியம் ஊனமுற்றவரின் வாழ்வுக்கானது, பராமரிப்புப் படி பராமரிப்பவரின் உழைப்புக்கானது. ஒன்றைக் காட்டி மற்றதை ஈடுகட்ட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்த பராமரிப்பு உதவித்தொகையின் பட்டியலில் தசைச்சிதைவு, பார்க்கின்சன் ஆகியவற்றுடன் முதுகுத் தண்டுவடப் பாதிப்பும் இடம்பெற்றிருக்கிறது.

சமமானவர்களைச் செயற்கையான கோடு போட்டுப் பிரிக்கும் நலத்திட்டம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணாகும் என்பது 1982ஆம் ஆண்டு நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியர்கள் விஷயத்தில் சொன்ன கோட்பாடு. நோய்ப் பெயர்ப் பட்டியலை எதிர்க்க விரும்புகிறவருக்கு அதுவே வலுவான தொடக்கம். 24ஆம் பிரிவு, அரசின் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று ஒரு தப்பிக்கும் வழியையும் வைத்திருக்கிறது. திறன் குறைவு, எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பதைக் கட்டுப்படுத்தலாம். ஒரே அளவு துணை தேவைப்படும் இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க அது காரணமாக முடியாது என்பதே என் வாசிப்பு.

3. மறுப்பு எந்த மேசையில் நடக்கிறது

விண்ணப்பித்த ஒரு பெண்ணிடம் 'உங்களுக்கு இல்லை' என்று சொல்பவர் பெரும்பாலும் அதைத் தீர்மானித்தவராக இருப்பதில்லை. தீர்மானம் அதற்கு முன்பே வேறெங்கோ நடந்து முடிந்திருக்கும். மேல்முறையீட்டில் பலர் வழிதவறும் இடம் இதுதான். மருத்துவ வாரியத்தின் தவறுக்குத் தாசில்தாரிடம் மனு கொடுத்துக் காத்திருப்பார்கள்.

முதல் மேசை மருத்துவ வாரியம். தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று, 2018இல் நடந்தது. மாற்றுத்திறனாளிகளில் 62.1 விழுக்காட்டினருக்குப் பராமரிப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்றும், ஊனச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 28.8 விழுக்காட்டினரே என்றும் அது கண்டது. அதாவது, நாடு முழுவதும் பராமரிப்பு பெறுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் இல்லாதவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எந்தப் படிக்கும் விண்ணப்பிக்கவே முடியாதவர்கள். மறுப்பின் புள்ளிவிவரங்களில் அவர்கள் வரவும் மாட்டார்கள்.

சான்றிதழ் கிடைத்தவர்களுக்கும் விழுக்காடு ஒரு தடை. உடலுறுப்பின் செயலிழப்பையே விழுக்காடு அளக்கிறது. தசைச்சிதைவு உள்ள சிறுவனை இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை அது அளப்பதில்லை. டூஷேன் வகைத் தசைச்சிதைவில் பையன்கள் பொதுவாகப் பன்னிரண்டு வயதையொட்டி நடையை இழக்கிறார்கள். எட்டு வயதில் தரப்பட்ட விழுக்காடு பதினான்கு வயதில் பொருளற்றது. அதிலும் காலவரம்புள்ள தற்காலிகச் சான்றிதழாக இருந்தால், அது காலாவதியாகும் நாளில் யாரும் எதையும் மறுக்காமலேயே பணம் நின்றுவிடும்.

இரண்டாம் மேசை, முகவரி. எல்லையின் கடுமை இங்கேதான் தெரிகிறது. உரிமைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாங்கிய சான்றிதழை அத்திபெலேயில் காட்டினால் 'இது தமிழ்நாட்டுச் சான்றிதழ், புதிதாக எடுங்கள்' என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு. இதை எதிர்த்து எழுத ஒரே வரி போதும், பிரிவு எண்ணே அந்த வரி. வசிப்பிடம் வேறு விஷயம். மாநில அரசு தன் பணத்தைத் தன் மாநிலத்தில் வசிப்பவருக்கே தருவேன் என்று சொல்ல உரிமை கொண்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுதித்தராத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர் வசிப்பிடத்தை எப்படி நிரூபிப்பார்? பழைய ஓசூர் அட்டையை ஒப்படைத்து நீக்கச் சான்று வாங்கி, இந்தப் பக்கம் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு இடையில் குடும்பம் இரண்டு மாநிலத்துக்கும் இல்லாததாகிவிடுகிறது. அந்த இடைவெளியில் இங்கேயும் பணம் இல்லை, அங்கேயும் இல்லை. இரு மாநில அரசுகளும் கடிதம் எழுதித் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றை, படுக்கையில் இருக்கும் பிள்ளையை விட்டு நகர முடியாத ஒருத்தி அலைந்து தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

மூன்றாவது மேசை வங்கியும் ஆதாரும். விரல் மடங்கி விறைத்த கைக்கு ரேகை பதியாது. கண் சிமிட்டச் சொல்லும் செயலிக்குக் கண் சிமிட்டிக் காட்ட முடியாதவர் உயிரோடு இல்லாதவர். அமிலத் தாக்குதலில் கண் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்முறைச் சேவைகளை அணுகுவது 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் மாற்று வழிகள் வைக்க ஆணையிட்டது. வங்கிகளைப் பற்றிய அந்தத் தீர்ப்பு உதவித்தொகைக் கணக்குகளுக்கும் பொருந்தும். பதினெட்டு வயது கடந்த அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு வங்கி பாதுகாவலர் சான்று கேட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் அதைப் பெறலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும். தசைச்சிதைவு உள்ள இளைஞனுக்குப் பொதுவாக அப்படி ஒரு பாதுகாவலர் தேவையும் இல்லை. அவன் பெரும்பாலும் மனத்தளவில் முழுத் தகுதி உள்ளவன். அவனிடம் பாதுகாவலர் சான்று கேட்பது அவனை அவமதிப்பது.

4. உரிமை யாருடையது?

இந்தியச் சட்டத்தில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியை உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியதாக எழுதுகிறது. பணம் பராமரிப்பவருக்கு, உரிமை பராமரிக்கப்படுபவருக்கு. அப்படியானால் மறுக்கப்பட்ட தாய் தன் பெயரில் வழக்காடலாமா? கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் பராமரிப்பாளரையே பயனாளியாக வைத்து மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. அங்கே இந்தக் கேள்வி எழாது. கர்நாடக அறிவிப்பும் பராமரிப்பவரையே முன்வைக்கிறது. சட்டமும் திட்டமும் இப்படி வேறு வேறு நபர்களைப் பார்க்கும்போது, அலுவலகம் 'நீங்கள் யார்?' என்று கேட்டுக் கோப்பை மூடிவிட இடம் உண்டு.

இந்தக் கேள்வியை நாற்பதாண்டுகளுக்கு முன் ஐரோப்பா எதிர்கொண்டது. பிரிட்டன் 1975ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, வேலையை விட்டு ஊனமுற்றவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு படியைக் கொண்டுவந்தது. 1976இல் அது நடைமுறைக்கு வந்தது. கணவனோடு வாழும் மணமான பெண்களுக்கு அது கிடையாது. எப்படியும் அவர்கள் வீட்டில்தானே இருப்பார்கள் என்பதே காரணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண், 1984இல் கடும் ஊனமுற்ற தன் தாய் தன்னோடு வந்து தங்கியபோது வேலையை விட்டார். படிக்கு விண்ணப்பித்தார், மணமானவர் என்று மறுத்தார்கள். மறுப்பை எதிர்த்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அங்கே பிரிட்டிஷ் அரசு வைத்த வாதம் நம் சிக்கலின் இரட்டைப் பிறவி: ஊனம் தாய்க்கு, பணம் மகளுக்கு, ஆகவே சமூகப் பாதுகாப்பில் ஆண் பெண் சமத்துவத்தை வலியுறுத்தும் ஐரோப்பிய நெறிமுறை இந்தப் படிக்குப் பொருந்தாது. நீதிமன்றம் 1986 ஜூன் 24 அன்று அதை ஏற்க மறுத்தது. பணம் மூன்றாம் ஒருவருக்குப் போனாலும் அது ஊனம் என்ற இடருக்கான பாதுகாப்பின் பகுதியே. பராமரிப்பவரையும் பராமரிக்கப்படுபவரையும் பிரித்துக் காட்டி அரசு பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மணமான பெண்களின் மீதான தடை நீங்கியது.

அத்தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் தர்க்கம் நம் சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றுத்திறனாளியின் சார்பில் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று அப்பிரிவு சொல்லும்போது, அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முறையிடும் தகுதியும் அவருக்கு உண்டு என்பதே இயல்பான பொருள். நடைமுறையில் பாதுகாப்பான வழி இருவர் பெயரிலும் மனுவை எழுதுவது: மாற்றுத்திறனாளி முதல் மனுதாரர், பராமரிப்பவர் இரண்டாம் மனுதாரர். 'நீங்கள் யார்?' என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும்.

மணமான பெண் எப்படியும் வீட்டில்தானே என்ற எண்ணம் பிரிட்டனோடு முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டார்கள், ஒரு நாளைக்குச் சராசரி 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காடு, 74 நிமிடம். குழந்தை வளர்ப்பு உட்பட எல்லாப் பராமரிப்பும் சேர்ந்த கணக்கு இது. முழுநேரத் துணை தேவைப்படும் ஒருவர் உள்ள வீட்டில் நிமிடக் கணக்குக்கே இடமில்லை. ஆடை ஆலைக்குப் போய்வந்த பெண் வேலையை விடுகிறாள். குடும்பத்துக்கு அந்த மாதமே ஒரு சம்பளம் குறைகிறது.

5. நாலாகட் வழக்கு

பராமரிப்புக்கான சலுகை மறுக்கப்பட்டு, மறுப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற இந்திய வழக்கு ஒன்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் நாலாகட் அரசுக் கல்லூரியில் புவியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர். அவர் மகனுக்குப் பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் மரபணு நோய். அறுவைச் சிகிச்சைகள் தொடர்ந்தபடி இருந்தன. அவர் தன் விடுப்பு முழுவதையும் தீர்த்துவிட்டார். மத்திய அரசின் விடுப்பு விதி 43-சி, பெண் ஊழியருக்கு மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகிறது. அந்த விதியை மாநிலம் ஏற்கவில்லை என்று சொல்லி விடுப்பை மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் 2021இல் மனுவைத் தள்ளுபடி செய்தது.

2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு வேறு கோணத்தில் பார்த்தது. பெண்கள் பணியில் நீடிப்பது சலுகை சார்ந்த விஷயம் இல்லை, அது அரசியலமைப்பின் தேவை. முன்மாதிரி முதலாளியாகிய அரசு அதை மறந்திருக்க முடியாது என்றது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு இந்த விடுப்பை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கத்தோடு இணைத்து மறுபரிசீலனை செய்ய ஆணையிட்டது. அதற்கான குழுவில் அச்சட்டத்தின் கீழுள்ள மாநில ஆணையரும் இடம்பெற வேண்டும் என்றது.

இவ்வழக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் எடுக்கத்தக்கவை. 'இது கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிடாது' என்ற வழக்கமான வாதம் பராமரிப்பு விஷயத்தில் தானாக வென்றுவிடாது என்பது ஒன்று. மற்றது எதிர்த்திசையில் போகிறது: அவரால் எதிர்க்க முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் கையில் மறுப்பு எழுத்தில் இருந்தது. அரசு ஊழியருக்குக் கோப்பு உண்டு, எண் உண்டு, குறிப்பு உண்டு. பொம்மசந்திராவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து வேலையை விட்ட தாய்க்கு அவை இல்லை. வெற்றி கண்ட வழக்குகளை மட்டும் படித்துச் சட்டத்தின் வலிமையை மதிப்பிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

6. பராமரிப்பின் விலை

1,000 ரூபாய் எந்த அளவுகோலில் வந்தது என்று கேட்பது பொருத்தமானது, ஏனெனில் அரசும் நீதிமன்றங்களும் இதே உழைப்புக்கு வேறு இடங்களில் வேறு விலை வைத்திருக்கின்றன. பணியின்போது நூறு விழுக்காடு ஊனமுற்று, அன்றாடக் காரியங்களுக்கு முழுமையாகப் பிறரைச் சார்ந்திருக்கும் மத்திய அரசு ஓய்வூதியருக்கு நிலைத்துணைப் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது மாதம் 6,750 ரூபாய் ஆனது. சாலை விபத்தில் முழுமையாக முடங்கிய ஒரு சிறுமியின் வழக்கில், 2020 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் துணையாள் செலவாக மாதம் 10,000 ரூபாயைக் கணக்கிட்டு, அதை 18 ஆண்டுப் பெருக்கத்தால் பெருக்கி 21,60,000 ரூபாய் தந்தது. காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியபோது பராமரிப்புக்கு விலை இருக்கிறது. காயப்படுத்திய வண்டி இல்லாமல் மரபணுவில் நோய் வந்தவருக்கு அந்த விலை பத்தில் ஒன்றாகிவிடுகிறது.

இழப்பீடும் நலத்தொகையும் வேறு வேறு என்று மறுமொழி சொல்லலாம். அது உண்மை. இந்த ஒப்பீட்டை வைத்து நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கேட்க முடியாது. ஆயினும் 1,000 ரூபாய்க்காகப் பல சான்றிதழ்களும் பல நாள் அலைச்சலும் கேட்கும் அலுவலகம், கேட்கும் நிபந்தனைகளின் எடையைத் தரும் தொகையோடு ஒப்பிட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

7. எதிர்க்கும் வழிகள்

எழுத்தைப் பெறும் வழியிலிருந்து தொடங்குவோம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தகவல் கேட்கும் சட்டமாகவே எல்லோரும் அறிவார்கள். அதன் 4ஆம் பிரிவு (1)(டி) அதிகம் பயன்படுத்தப்படாதது: நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவின் காரணத்தைத் தருவது பொது அதிகாரியின் கடமை. அதைக் குறிப்பிட்டு, மூன்று விஷயங்களைக் கேட்கலாம்: விண்ணப்பத்தின் இப்போதைய நிலை, மறுத்திருந்தால் அதன் காரணமும் மறுத்த அதிகாரியின் பதவியும், திட்டத்துக்கான அரசாணையின் நகல். மூன்றாவது மிக முக்கியம். நிதிநிலை அறிக்கையில் வாசிக்கப்பட்ட அறிவிப்பு மட்டுமே யாருக்கும் உரிமை தராது. தகுதியை வரையறுக்கும் ஆணைதான் வழக்குக்கு அடிப்படை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. காரணமற்ற ஆணை நிற்காது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2010இல் கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில் விரிவாகத் தொகுத்திருக்கிறது.

தாமதம்தான் பிரச்சினை என்றால் கர்நாடகத்தில் சகாலா இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் குடிமக்களுக்குச் சேவை உத்தரவாதச் சட்டம், 2012 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்கு ஓர் எண் தர வேண்டும், குறித்த நாளுக்குள் முடிவு தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை ஈடு. ஈட்டுத்தொகை அற்பமானது, ஆனால் எண் அற்பமானது அல்ல, விண்ணப்பம் பிறந்த தேதிக்கு அதுவே சாட்சி. அட்டவணையில் சேர்க்கப்பட்ட சேவைகளுக்கு மட்டுமே இச்சட்டம் பொருந்தும். ஹோப்ளியின் வருவாய் அலுவலகமான நாட கச்சேரியில் வருமானச் சான்றோ வசிப்பிடச் சான்றோ இழுத்தடிக்கப்படும்போது இதுவே விரைவான வழி. படிக்கான விண்ணப்பம் அந்தச் சான்றுகள் வராததால் நிற்கிறது என்றால், படியைப் பற்றி மனு எழுதுவதில் பயனில்லை. சான்றைப் பற்றி எழுத வேண்டும்.

சான்றிதழின் விழுக்காட்டை எதிர்க்க உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு அதிகாரியை வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி முடிவு வந்த 90 நாளுக்குள் முறையிட வேண்டும். தானே முறையிட இயலாதவருக்காகச் சட்டப்படியான பாதுகாவலர் முறையிடலாம். மனுதாரரை நேரில் கேட்டு, காரணங்களோடு, 60 நாளுக்குள் முடிவு தர வேண்டும். இங்கே தாய் வைக்க வேண்டிய சான்று சிகிச்சைச் சீட்டு மட்டும் அன்று. ஒரு வாரத்துக்கு, எந்த நேரத்தில் எந்த உதவி, எத்தனை பேர் சேர்ந்து, எவ்வளவு நேரம் என்று எழுதிய நாட்குறிப்பு மிகுந்த பயன் தரும். தூக்குவது, திருப்புவது, ஊட்டுவது, சளி எடுப்பது, இரவு விழிப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே ஓசூர் சாலையில் இருக்கும் நிமான்ஸ் போன்ற நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள், நோயின் பெயரோடு நிறுத்தாமல் அன்றாடச் சார்பின் அளவையும் எழுதித்தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விழுக்காடு பேசாததை அந்தக் குறிப்பு பேசும். உயர் ஆதரவுக்கான 38ஆம் பிரிவு விண்ணப்பத்துக்கும் அதுவே ஆதாரம்.

திட்டத்தையே எதிர்ப்பது, அதாவது நான்கு நோய்ப் பட்டியலை எதிர்ப்பது, தாலுக்கா அலுவலகத்தில் முடியாது. அங்குள்ளவருக்குப் பட்டியலை மாற்றும் அதிகாரம் இல்லை. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் 80ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். அவர் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் கொண்டவர். ஆனால் அவர் தருவது பரிந்துரை. 81ஆம் பிரிவின்படி அரசு அதை ஏற்று மூன்று மாதத்தில் நடவடிக்கையைச் சொல்ல வேண்டும்; ஏற்காவிட்டால் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். பரிந்துரைதானே என்று இதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏற்க மறுத்தால் அரசே காரணத்தை எழுத்தில் தர வேண்டிய இடம் இது; உயர் நீதிமன்றத்துக்கு 226ஆம் உறுப்பின்கீழ் போகிறவர் கையில் அந்தக் கடிதம் இருந்தால், நாலாகட் பேராசிரியர் நின்ற இடத்தில் அவரும் நிற்கிறார்.

இதற்கெல்லாம் வழக்கறிஞர் தேவையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. பராமரிப்பவர் பெண்ணாக இருந்தால் இரு மனுதாரர்களுமே தகுதி உள்ளவர்கள். அத்திபெலேக்காரர் போக வேண்டியது ஆனேக்கல் நீதிமன்ற வளாகத்துக்கு.

மொழி கடைசித் தடை. படிவம் கன்னடத்தில், பதில் கன்னடத்தில்; கன்னடம் பேச வந்தாலும் படிக்க வராத தமிழ்த் தாய்க்கு மறுப்பு கையில் கிடைத்தும் அது விளங்காத தாளாகவே இருக்கும். மாநிலத்தின் மொழியைக் கற்பது நல்லது, நியாயமும்கூட. அதற்காகக் குறைதீர் மனு காத்திருக்க வேண்டியதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு சொல்கிறது. அத்திபெலேயில் தமிழ் வழங்கும் மொழிதான். தமிழில் எழுதிய மனுவை வாங்கிக்கொண்டு, தேதி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைத் தர அலுவலர் கடமைப்பட்டவர். கன்னடப் பிரதி ஒன்றை இணைத்துக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். கிராமப் பஞ்சாயத்துகளில் இருக்கும் மறுவாழ்வுப் பணியாளரிடம் அதற்கு உதவி கேட்கலாம். ஒப்புகைச் சீட்டை மட்டும் எந்த நிலையிலும் விட்டுவரக் கூடாது.